டெலிவரி லேட்டானது பற்றி உங்கள் கருத்து

மொதல்ல அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சுன்னு எழுதுங்க எஸ்.ஐ. மேடம். நான் அடிச்சதை அப்புறம் எழுதிக்கலாம். அடிச்சேன், இல்லைன்னு சொல்லலையே. பிளாட்பாரத்துல அத்தனை பேரு பாத்தாங்க, நான் எங்க போய் இல்லைன்னு சொல்றது? ஆனா ஒருத்தி கைய ஓங்குறான்னா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்திருக்கும்ல? அதை விட்டுட்டு 'ஆதிலட்சுமி, வயது ஐம்பத்தி நாலு, கருத்துக் கேட்க வந்த பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார்'னு மட்டும் எழுதுனா படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க? புத்தி கெட்ட பொம்பளைன்னு நெனப்பாங்க.

தண்ணி வேணாம். டீயும் வேணாம். நீங்க எழுதுங்க.

நான் புதுக்கழனியில ரயில் ஏறுறவ. ஒரு ஆபீஸ் கேண்டீன்ல காய் நறுக்குற வேலை. இருபத்திரெண்டு வருஷமா இதே லைன், இதே லேடீஸ் பெட்டி. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் அம்பது நிமிஷம், வண்டி ஒழுங்கா போனா. எப்ப ஒழுங்கா போச்சு, அதைச் சொல்லுங்க. ஃபேனை சீப்பு விட்டுத் தள்ளுனாத்தான் சுத்தும். மழை பேஞ்சா உள்ளயே குடை பிடிச்சிட்டு உக்காந்திருப்போம். ஒரு நாள் ஜன்னல் ஷட்டர் தானா விழுந்து எங்க கூட வர்ற டீச்சரம்மா விரல் நசுங்கிப் போச்சு. அந்தம்மா கட்டு போட்டுக்கிட்டு மறுநாளும் அதே ஜன்னல்கிட்டதான் உக்காந்தாங்க. வேற எடம் ஏது?

புதுப் பெட்டி வருது, புதுப் பெட்டி வருதுன்னு ரயிலுக்காரன் மூணு வருஷமா போர்டு வச்சிருக்கான். மொதல்ல பொங்கலுக்குன்னு போட்டிருந்துச்சு. அப்புறம் அது மேல ஒரு தாள ஒட்டி சித்திரைன்னு எழுதுனான். அப்புறம் அதையும் கிழிச்சுட்டு 'விரைவில்'. கேட்டா, செய்யிற கம்பெனிக்காரன் அனுப்பலன்னு இவன் சொல்றான். இவன் இன்னும் கையெழுத்து போடலன்னு கம்பெனிக்காரன் சொல்றானாம். அவனக் கேட்டா இவனக் காட்டுறான், இவனக் கேட்டா அவனக் காட்டுறான். தப்பு எங்க மேலதான்னு ஒருத்தனாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கானா? சொல்லிட்டா என்ன, நாக்கு அழுகிடுமா?

சரி, இன்னிக்கு நடந்ததுக்கு வரேன். மூணு வருஷம் கழிச்சு ஒரே ஒரு பெட்டி கொண்டாந்து ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரத்துல நிறுத்தியிருக்கான். மாடல் பெட்டியாம். அதை ஜனங்க பாத்துட்டுக் கருத்துச் சொல்லணுமாம். சொன்னப்புறம் மத்ததெல்லாம் வருமாம். பயணிகள் சங்கத்துல சபாபதி சார் நேத்தே போன் பண்ணிட்டாரு, "நீங்க கண்டிப்பா வரணும்மா, நீங்க இல்லாம எப்படி"ன்னு. நான் லீவு சொல்லிட்டு வந்தேன்.

உள்ள போனேன். நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா சீட்டு என்ன சீட்டு அது, எண்ணெ தடவுன மாதிரி. உக்காந்தா முன்னாடி சறுக்குது. மேல தொங்குற புடி எனக்கு எட்டல, எக்கிப் புடிச்சா முந்தானை அவுந்துடும். எங்க டீச்சரம்மா, "நாம எட்டு பேரு எதிரும் புதிருமா உக்காந்து வருவோமே, இதுல எல்லாம் செவுத்தோரமா வரிசையா இருக்கே, பேசணும்னா போன்லதான் பேசிக்கணும்"னு சொன்னாங்க. பூக்காரம்மா ஒருத்தி, "கூடைய எங்க வக்கிறது"ன்னு கேட்டுட்டு எறங்கிப் போயிட்டா. எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க.

அப்பதான் கதவோரமா அதைப் பாத்தேன். செவப்பா ஒரு பொத்தான். 'ஓட்டுநருடன் பேச அழுத்தவும்'னு தமிழ்ல எழுதியிருந்துச்சு.

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு மேடம். எட்டு மாசத்துக்கு முன்னாடி இந்த ஒரு பொத்தான் இல்லையேடா படுபாவிங்களான்னு இருந்துச்சு. அந்த வயித்தெரிச்சலோட கீழ எறங்குறேன், அந்தப் பொண்ணு எதுக்க வந்து நிக்குது. கழுத்துல அட்டை, கையில சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட். சிரிச்சுக்கிட்டே கேக்குது. "அம்மா, டெலிவரி இவ்ளோ லேட்டாச்சே, அதைப் பத்தி உங்க கருத்து என்ன? ரொம்பக் கோபம், கொஞ்சம் கோபம், பரவாயில்லை. இதுல ஒண்ணு சொல்லுங்க."

வச்சேன் ஒண்ணு.

இப்ப நீங்க சொல்றீங்க, அது பெட்டி வந்து சேர்றதைச் சொல்லுச்சுன்னு. அந்தப் பொண்ணும் அழுதுக்கிட்டே அதையேதான் சொல்லுச்சு. பெட்டி வர்றதுக்கு டெலிவரின்னு பேராம். எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல டெலிவரின்னா ஒண்ணே ஒண்ணுதான், புள்ள பொறக்குறது. சிலிண்டர் வந்தா சிலிண்டர் வந்துச்சும்போம். சிலிண்டர் டெலிவரி ஆச்சுன்னா சொல்லுவோம்? அதுவும் என்னைப் பாத்து, இந்த லைன்ல ஏறி எறங்குற அத்தனை பேருக்கும் தெரிஞ்ச என்னைப் பாத்துக் கேட்டா, நான் வேற என்னன்னு நெனப்பேன்?

உங்களுக்குத் தெரியாதா? போஸ்டர் பாக்கலையா நீங்க? இப்பத்தான் மாத்தலாகி வந்திருக்கீங்களா, அதான்.

இந்த லைன்ல, ஓடுற பெட்டியில, இல்ல, ஓடாம நின்ன பெட்டியில ஒரு கொழந்த பொறந்துச்சே, அது என் பேத்தி. என் மவன் லோகுவோட கொழந்த. மருமக பேரு ஜீவிதா. அவங்க அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருந்துச்சு, அதனால தலைப்பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்னு நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். மக மாதிரிதான் வச்சிருந்தேன். கேட்டுப் பாருங்க யாரை வேணா.

அன்னிக்கு லோகு வெளியூரு. வீட்டுல நானும் அவளும்தான். வலி கண்டுடுச்சு. பெரிய ஆஸ்பத்திரி கடைசி ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல. ரோட்டுல போனா மேம்பாலம் கட்டுறேன்னு தோண்டிப் போட்டு வச்சிருக்கான், ரெண்டு மணி நேரம் ஆவும். ஆம்புலன்ஸக் கூப்பிடலாம் அத்தேன்னா. ஆம்புலன்ஸும் அதே ரோட்டுலதானே போவணும், பறந்தா போவும்? ரயிலுதான் சரின்னு கூட்டிட்டுப் போனேன். ஏறுனோம். செம்மண்மேடு ரயில்வே கேட்டத் தாண்டுச்சு. டக்குனு நின்னுச்சு பாருங்க.

நாப்பது நிமிஷம். ஒரு நிமிஷம் கூட்டிச் சொல்லல, கொறச்சுச் சொல்லல. பழைய பெட்டி, ஏதோ அறுந்துடுச்சாம். என்ன ஆச்சுன்னு ஒரு குரல் இல்ல. டிரைவரு அந்தக் கோடியில, நாங்க இந்தக் கோடியில. எறங்கலாம்னா ரெண்டு பக்கமும் ஆள் உயரப் பள்ளம். டீச்சரம்மாதான் நாலு பொம்பளைங்க பொடவைய வாங்கிச் சுத்திப் புடிச்சாங்க. ஒரு நர்ஸு கூட இல்ல அன்னிக்குப் பாத்து. பூக்காரம்மாதான் கையால வாங்குச்சு. பொட்டப் புள்ள. வாங்குச்சு, ஆனா அழல. கொழந்த அழல மேடம். காலப் புடிச்சுத் தட்டுனாங்க, தடவுனாங்க, வாயில விரல விட்டு வழிச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சத்தம் போட்டுச்சு, பூனக்குட்டி கணக்கா. அதுக்கப்புறம்தான் வண்டி நகந்துச்சு.

ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரு சொன்னாரு, "மூச்சு ரொம்ப நேரம் திணறியிருக்கும்மா, ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." அரை மணி. இவன் நிறுத்துனது நாப்பது நிமிஷம். கணக்குப் போட்டுக்குங்க.

பாப்பாவுக்கு இப்ப எட்டு மாசம். இன்னும் கழுத்து நிக்கல. தூக்கி வச்சா ஒரு பக்கமா சாஞ்சுடுது. அதுவும் நான் நேர்ல பாக்கல, லோகு போன்ல காட்டுனதுதான். ஜீவிதா ஆஸ்பத்திரியில இருந்து அப்படியே அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. எட்டு மாசமா வரல. என் பேத்திய நான் கையில வாங்கி எட்டு மாசம் ஆவுது மேடம்.

விட்டேனா நான்? சபாபதி சாரோட சேர்ந்து எத்தன மனு. டிவியில பேசுனேன், பாக்கலையா? 'வலி வந்த நிமிஷமே கிளம்பிட்டோம், ரயிலுதான் எங்களக் கவுத்துடுச்சு'ன்னு சொன்னேன். நல்லா பேசுனேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போஸ்டர் ஒட்டுனாங்க, 'புதிய பெட்டி எப்போது? இந்தத் தாய்க்கு என்ன பதில்?'னு. நான் கண்ணத் தொடைக்கிற மாதிரி போட்டோ. அழல அப்போ, வெயிலு கண்ணுல பட்டுச்சு. ஆனா போட்டோ நல்லா விழுந்திருந்துச்சு. இந்த மாடல் பெட்டி இன்னிக்கு வந்து நிக்குதுன்னா அதுல என் பங்கு பாதி இருக்கு, யாரும் மறுக்க முடியாது.

என்ன கேட்டீங்க? வண்டி எத்தன மணிக்கா? ஒம்போது இருவது வண்டி. வலி வந்தது ஏழு மணிக்கு முன்ன. ஆறே முக்கால் இருக்கும்.

எதுக்கு இப்ப அதை எழுதுறீங்க?

ஏழு மணி வலிக்கு ஒம்போது இருவது வண்டி எப்படின்னா, ஏன் மேடம், நடுவுல வண்டி இல்லாமயா இருக்கும்? ஏழு நாப்பது வண்டி இருக்கு. அதுக்குத்தான் கிளம்புனோம். ஏழு இருவதுக்கெல்லாம் அவ செருப்பு போட்டுட்டா. துணிப் பை உள்ளயே இருந்துச்சு, எடுத்துட்டு விளக்க நிறுத்திட்டு வரதுக்குள்ள நேரம் ஏழரைய தொட்டுடுச்சு. திங்கக்கெழம. ஏழரை டு ஒம்போது ராகு காலம். தலச்சன் புள்ள, மொத மொதல்ல வீட்ட விட்டு எறங்குறப்ப ராகு காலத்துலயா எறங்குவாங்க? நீங்களே சொல்லுங்க, எறங்குவீங்களா? வாசல்ல போட்ட நாற்காலியில உக்காரு, ஒம்போது அடிச்சதும் போயிடலாம்னேன். தலைப்பிரசவம், அவ்ளோ சீக்கிரம் எங்க ஆவும்? எனக்கு லோகு பொறக்க ஒரு பகலு முழுசும் ஆச்சு. எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் செய்ய முடியும்?

உக்காந்திருந்தா. செருப்பக் கழட்டல. நடுவுல ரெண்டு தடவ எந்திரிச்சா, போலாம் அத்தேன்னா. நான் கடியாரத்தக் காட்டுனேன்.

அப்படிப் பாக்காதீங்க மேடம். நான் மட்டுமா பாக்குறேன் நேரம்? இன்னிக்கு வெள்ளிக்கெழம. இந்த மாடல் பெட்டியத் தெறக்கப் பத்து மணின்னு கூப்புட்டாங்க. பெரிய அதிகாரி வந்து சேர்றப்ப மணி பத்தரை. உடனே என்ன பண்ணாங்க தெரியுமா? சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழத்த வச்சுட்டு, ரிப்பனையும் கட்டிட்டு, ராகு காலம் முடியட்டும்னு பன்னெண்டு வரைக்கும் அப்படியே நின்னாங்க. அத்தன பேரும் படிச்சவங்க. நாங்க எல்லாம் வெயில்ல காத்துக் கெடந்தோம். இரும்புப் பெட்டிக்கு நேரம் பாக்கலாம், என் பேத்திக்கு நான் நேரம் பாக்கக் கூடாதா?

நீங்க கேட்டதைத்தான் ஜீவிதாவும் கேட்டா. போஸ்டரப் பாத்துட்டு ஒரு தடவ போன் பண்ணா, அந்த ஒரு தடவதான். குரலே ஒசத்தல. "அத்தே, வண்டி நாப்பது நிமிஷம் நின்னுச்சு, அது எனக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் நான் செருப்பு மாட்டிக்கிட்டு உங்க வாசல்ல உக்காந்திருந்தேன், அது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? டிவியில அதை ஏன் சொல்லல? ஊருக்குச் சொல்ல வேணாம், எனக்குச் சொல்லுங்க. தப்பு என்னுதுன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க. மறுநாளு பாப்பாவத் தூக்கிட்டு வரேன்"ன்னா.

நான் போன வச்சுட்டேன். எனக்கு என்ன ஆத்திரம்னா, ரயிலுக்காரன விட்டுட்டு என்னப் புடிக்கிறாளேன்னு. லோகு வந்து, "சொல்லிடும்மா, ஒரு வார்த்ததானே"ங்கறான். ஒரு வார்த்தயா அது? அந்த வார்த்தய நான் சொல்லிட்டா, அப்புறம் அந்தக் கழுத்து நிக்காதது என்னாலன்னு ஆயிடும்ல? அதைச் சொல்லிட்டு நான் எப்படித் தூங்குறது, எப்படிச் சாப்புடுறது? டிவியில சொன்னது பொய்யின்னு ஆவும், போஸ்டரெல்லாம் பொய்யின்னு ஆவும். எட்டு மாசமா ராத்திரி பகலா ரயிலுக்காரனத் திட்டிக்கிட்டே இருந்தா ஓரளவுக்கு மனசு தாங்குது மேடம். திட்டுறத நிறுத்துனேன்னா அவ்ளோதான்.

இப்ப நீங்களும் தாள நீட்டுறீங்க. நடந்த தவறு என்னுடையதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டா அந்தப் பொண்ணு கேஸ வாபஸ் வாங்கிக்கும், வீட்டுக்குப் போலாம்னு. ஊருல வேற வார்த்தையே இல்லையா? எல்லாரும் இதையே கேட்டா நான் என்ன பண்றது?

அந்தப் பொண்ணு இன்னும் வெளியதான் உக்காந்திருக்கா? மூக்குக்கண்ணாடி வளஞ்சு போச்சா? பேரு என்ன, நிரஞ்சனாவா. கன்னத்துல வெரல் பதிஞ்சிருக்கா? ஐயோ. எனக்குக் கை கனம், கேண்டீன்ல நாளு பூரா வெட்டுக்கத்தி புடிக்கிற கை.

குடுங்க தாள.

எழுதிட்டேன். படிச்சுப் பாருங்க. ஏன், என்ன தப்பு? ஆமா, 'தவறு என்னுடையதும்'னுதான் எழுதியிருக்கேன். கடைசியில 'ம்' வேணும் மேடம். என் தப்பும் இருக்கு, ரயிலுக்காரன் தப்பும் இருக்கு. பொத்தான் இல்லாத பெட்டிய ஓட்டுனானே, அது யாரு தப்பு? 'ம்' இல்லாம எழுதுனா எல்லாம் என் தலையில விழும்.

என்ன சொல்றீங்க? இதுல ரயிலுக்காரன் எங்க வந்தான்னா... சரி, இந்தப் பொண்ணு கேள்வி கேட்டுச்சு, நான் அறைஞ்சேன். நடுவுல வேற ஆளு யாரும் இல்லதான். அது முழுசா என்னுதுதான். குடுங்க, அந்த 'ம்'ம எடுத்துடறேன். கையெழுத்தும் போட்டாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நான் நேர்லயும் சொல்லிக்கிறேன், கண்ணாடியும் சரி பண்ணிக் குடுத்துடறேன்.

இன்னொரு தாள் இருக்குமா மேடம்? எதுக்குன்னு கேக்காதீங்க, குடுங்க.

இது அவளுக்கு. 'ஜீவிதாவுக்கு அத்தை எழுதுவது'ன்னு போட்டிருக்கேன். போன்ல எனக்கு வராது, வாயத் தொறந்தா சண்டைதான் வரும். எழுதுனா லோகுகிட்ட குடுத்து அனுப்பிடலாம். பாருங்க, இதுல 'ம்' போட்டுத்தான் எழுதியிருக்கேன், 'தப்பு என்னுதும்'னு. இங்க அது இருக்கணும். நாப்பது நிமிஷம் அவன் நிறுத்துனான், ஒன்றரை மணி நேரம் நான் நிறுத்துனேன். ரெண்டும் நடந்ததுதானே. அவளே ஒத்துக்கிட்டா, வண்டி நின்னுச்சுன்னு. இதுதான் நியாயம். யாரும் குத்தம் சொல்ல முடியாது.

சொல்லுங்க, சரிதானே?

அவ 'ம்' இல்லாமத்தான் கேட்டா.

கழுத்து நிக்காத புள்ளைய மடியில போட்டுக்கிட்டு ராவும் பகலும் அவ உக்காந்திருக்கா, நான் இங்க போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்து ஒரு 'ம்'முக்கு மல்லுக்கு நிக்கிறேன். அவ என்னத்தான் நம்பி என் வீட்டுல இருந்தா மேடம். ரயிலுக்காரன நம்பி இல்ல. ரெண்டு தடவ எந்திரிச்சு, போலாம் அத்தேன்னு என்கிட்டதான் கேட்டா.

இதுல அந்த 'ம்'ம அடிச்சு எழுதுனா மொதல்ல என்ன எழுதியிருந்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். வேற தாள் குடுங்க.